இரண்டு முனையிலும் குளிர்

ட்ரொம்சோவுக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில், தூண்டில் தடியின் வளையங்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவன் நான். வளையங்களில் ஐஸ் பிடித்து நூல் ஓடாமல் நின்றுவிடும், எண்ணெய் பூசினால் பிடிக்காது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் வேறென்ன எண்ணெய்? அது 24 பாகையிலேயே கட்டிபடுகிற சரக்கு என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்று வெளியே மைனஸ் ஒன்பது. பத்து நிமிடத்தில் ஒவ்வொரு வளையத்திலும் மெழுகுதிரி வழிந்து உறைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. மிதவைத் துறையில் எனக்குப் பக்கத்தில் நின்ற நோர்வேஜியக் கிழவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் தடியின் நுனியைக் கடலுக்குள் ஒரு முழம் இறக்கி, ஐந்து எண்ணும் நேரம் வைத்திருந்து எடுத்தார். அவருடைய வளையங்களில் இருந்த ஐஸ் கரைந்து போயிருந்தது.

கடல் அன்று நாலு பாகை. காற்றைவிடப் பதின்மூன்று பாகை சூடு. அத்திலாந்திக்கிலிருந்து வடக்கே ஏறிவரும் வெந்நீரோட்டத்தின் தயவால், துருவ வட்டத்துக்கு மேலே இவ்வளவு தூரம் வந்தும் இந்தத் துறைமுகம் உறைவதில்லை. நான் நடுங்கிக்கொண்டு நின்ற இடத்தில் ஆகச் சூடான பொருள் என் காலடியில் கிடந்த கடல்தான்.

பனிக்காலத் தூண்டிலைப் பற்றி நான் பிறகு கற்றதெல்லாம் அந்த ஐந்து எண்ணும் நேரத்திலிருந்து கிளைத்தது. எனக்குக் குளிர்கிறது, அப்படியென்றால் மீனுக்கும் குளிரும், அது எங்கே கடிக்கப் போகிறது என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் பலர். மீனுக்கு நம்மைப்போலத் தனி உடற்சூடு இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிரக் குளிர அதன் சமிபாடு மெதுவாகிறது, நீச்சல் மெதுவாகிறது. தின்பதை அது விடுவதில்லை, துரத்துவதைத்தான் குறைத்துக்கொள்கிறது. அந்த முனையில் அவசரமில்லாத ஒரு வாய். இந்த முனையில் மரத்துப்போன ஐந்து விரல். இரண்டுக்கும் நடுவில் நூலும் ஈயமும் முள்ளும் இரையும். எதைத் தெரிவு செய்தாலும் இந்த இரண்டு முனைகளிடமும் கேட்டுத்தான் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

போன நவம்பரில் ஒரு தம்பி வந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவன், ஊர் பாசையூர்ப் பக்கம். கடையில் வாங்கிய புதுத் தடியை உறை பிரிக்காமல் கொண்டுவந்திருந்தான். மூன்று மீற்றர், கரிநாரில் செய்தது, விலையைக் கேட்டு நான் கொஞ்சம் கதிரையில் சாய்ந்தேன்.

“நல்ல தடிதான் தம்பி. முள்ளு எங்க?”

“முள்ளு என்னண்ணை, எதையாவது போடலாம்தானே? தடியல்லோ முக்கியம்.”

கடையில் எல்லோரும் தடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய சாமான், விலைகூடிய சாமான், கையில் பிடித்துப் பார்க்கச் சுகமான சாமான். பிறகு தடிக்கேற்ற றீல், றீலுக்கேற்ற நூல், மிச்சக் காசில் முள், வழியில் எங்காவது இரை. மீன் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. முதலில் இரை, அதற்குள் முள், அதன் பின்னால் நூல். தடி என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே வாயிலிருந்து தொடங்கிக் கைக்கு வருவோம் என்று அவனுக்குச் சொன்னேன்.

எந்த வாய்?

ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மத்தியானத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், பிறகு இரவு. அந்த இருட்டில் துறைமுகத்துக்குள் நிற்கிற மீன்கள் முக்கியமாக நாலு வகை. முதலாவது கொட். நாங்கள் ஊரில் குளிசையாகவும் எண்ணெயாகவும் மட்டும் அறிந்திருந்த மீன். அதன் நாடியில் ஒரு தாடி தொங்கும். நிலத்தைத் தடவிச் சுவை பார்க்கிற தாடி அது. இரண்டாவது ஹடொக். தோளில் ஒரு கறுப்புப் பொட்டு, மெத்தென்ற சின்ன வாய், நிலத்தைக் கிளறித் தின்னும். மூன்றாவது இங்கே சை என்று சொல்லும் கருமுதுகு மீன். அது கண்ணால் வேட்டையாடுவது. இருட்டுக் காலத்தில் துறைமுக விளக்கு தண்ணீரில் விழுகிற வட்டத்தின் விளிம்பில் அதைத் தேடலாம். நாலாவது தட்டைமீன்கள், நம்முடைய நாக்குமீனின் தூரத்து உறவு. மணலில் புதைந்து கிடந்து புழுவும் சிப்பியும் தின்பவை.

நாலில் மூன்று நிலத்தோடு வாழ்கிறவை, மணத்தாலும் தொடுகையாலும் சாப்பாடு தேடுகிறவை. சூரியனே இல்லாத ஒரு மாதத்தில் மினுங்குகிற தகட்டைவிட நாறுகிற ஒரு துண்டு மீன் அதிக தூரம் பேசும். கோடையில் நான் பில்க் எனப்படும் உலோக மீனைத்தான் அதிகம் பாவிப்பேன். டிசம்பரில் அது பெட்டியில் இருக்கும். விளக்கு வட்டத்தில் சை தெரிந்தால் மட்டும் வெளியே வரும். வந்தாலும், கோடையில் துள்ள விடுகிற இடத்தில் இப்போது மெல்லத் தூக்கி, மெல்ல விழவிட வேண்டும்.

மீனின் வாயைப் பற்றி நான் படித்தது அதன் வயிற்றில். 1987இல் நோர்வேயின் வடகோடி, பின்மார்க்கில் போட்ஸ்பியோர் என்ற மீன்பிடி ஊருக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருசங்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அந்தக் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குப் போனார்கள். எட்டு மணித்தியாலமும் கத்தியோடு நிற்கிற வேலை. குடல் எடுக்காமல் வருகிற மீனை வெட்டும்போது வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. ஒரு நாள் முழுக்க இறால், அடுத்த நாள் முழுக்கச் சின்ன ஹெரிங், இன்னொரு நாள் நண்டின் கால்கள். ஒரே மீன், இடமும் நாளும் மாற உணவு மாறுகிறது. இன்றைக்கும் துறைமுகத்தில் முதல் மீன் கிடைத்ததும் அங்கேயே வயிற்றைத் திறந்துவிடுவேன். இரண்டாவது மீனுக்கான இரையை முதல் மீன்தான் தெரிவு செய்கிறது.

முதல் மீனுக்கு முன்னால்? அதற்குத்தான் நாலு வகை இரை.

சிப்பிதான் ஆகச் சுலபம். நீலச் சிப்பி துறைமுகத் தூண்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடக்கும். அங்கேயே வாழ்கிற மீனுக்கு அங்கேயே விளைகிற சாப்பாடு. ஹடொக்குக்கும் தட்டைமீனுக்கும் நல்லது. குறை என்னவென்றால் அதன் சதை சளிபோல. எறிகிற வேகத்தில் முள்ளை விட்டுப் பறந்துவிடும். முதல்நாள் இரவு சதையைத் தோண்டி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்சம் இறுகும். பிறகு முள்ளில் குத்தி, மெல்லிய றப்பர் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட வேண்டும். துறைமுகச் சிப்பி இரைக்கு மட்டும்தான். கப்பல் நிற்கிற தண்ணீரில் வளர்ந்ததைச் சட்டிக்குள் போடக் கூடாது.

அடுத்தது கரைப்புழு. வற்று நேரத்தில் சேறும் மணலும் கலந்த கரையில் அது விட்ட எச்சம் சின்ன இடியப்பம் போலச் சுருண்டு கிடக்கும். கிட்டவே ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் அதன் தலைப்பக்கம், இடியப்பம் வால்பக்கம். இரண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் வளைந்து படுத்திருக்கிறது. புது ஆட்கள் இடியப்பத்தின் மேலேயே மண்வெட்டியைப் போட்டுப் புழுவை இரண்டாக வெட்டுவார்கள். பனிக்காலத்தில் மேல்மண் ஓடுபோல உறைந்திருக்கும், புழுவும் கீழே இறங்கியிருக்கும். ஒன்றரை மணித்தியாலம் வெட்டினால் இருபது புழு. விரலில் பிடிக்கிற மஞ்சள் கறை மூன்று நாளைக்குப் போகாது. இவ்வளவும் எதற்கு என்றால், ஹெரிங் துண்டைத் திரும்பியும் பார்க்காத தட்டைமீன் இதற்கு வரும்.

மூன்றாவது ஹெரிங் அல்லது மக்ரல். ஹெரிங் நம்முடைய சூடையின் வடக்கத்தி உறவு, மக்ரல் கும்பிளாவின் உறவு. இரண்டிலும் எண்ணெய் இருக்கிறது. இரண்டுக்கும் மணமும் கூட. மக்ரல் கோடையில் வரும். பனிக்காலத்துக்கு என்று அப்போதே உறைய வைத்துக்கொள்வேன். வெட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. முழுதாக இளகின பிறகு வெட்டினால் சதை நொறுங்கும். பாதி உறைந்திருக்கும்போதே வெட்ட வேண்டும். முள்ளெலும்பின் ஓரமாகக் கத்தியை ஓட்டி ஒரு பக்கச் சதையைத் தோலோடு எடுத்து, அதைக் குறுக்கே சரிவாகக் கீறினால் வேல் முனை மாதிரி நீண்ட துண்டுகள் வரும். சுண்டுவிரல் அகலம், நடுவிரல் நீளம். முள் தோலுக்குள்ளால் இரண்டு தரம் போய்வர வேண்டும். தோல்தான் பிடிமானம், சதை வெறும் வாசனை.

இந்தத் துண்டுகளைக் கல்லுப்பில் ஓர் இரவு வைக்கிறேன். இது எனக்கு எந்த நோர்வேஜியரும் சொல்லித் தந்ததல்ல. அம்மம்மா ஆனையிறவு உப்பைச் சிரட்டையால் அள்ளிக் கருவாட்டுக்கு அடுக்குவதைப் பார்த்த கண்தான் சொல்லியது. உப்பு தண்ணீரை இழுத்துவிடும், துண்டு தோல்வார் மாதிரி இறுகும், எறிந்தால் கழலாது. பனிக்காலத்தில் அதற்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. உப்பு ஏறிய துண்டு மைனஸ் எட்டிலும் கல்லாவதில்லை. பச்சைத் துண்டு பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று உறைந்து செங்கட்டி ஆகிவிடும். அதைப் பிரிப்பதற்குள் விரல் போய்விடும். மீனின் வாய்க்கும் என் விரலுக்கும் ஒரே நேரத்தில் உதவுகிற இரை இது ஒன்றுதான்.

நாலாவது இறால். பண்ணைப் பாலத்தில் போத்தலில் சுற்றிய தங்கூசி நூலோடு நின்ற பிள்ளைக் காலத்தில் எனக்கு இறால்தான் எல்லாம். இங்கே கடையில் கிடைப்பது அவித்து உறைய வைத்த இறால். மணம் பாதி அவித்த தண்ணீரோடு போயிருக்கும், சதையும் பிய்யும். நான் அதைத் தனியாகப் போடுவதில்லை. ஹெரிங் துண்டின் நுனியில் ஒரு சின்ன இறாலை வைத்து நூலால் சேர்த்துக் கட்டினால் ஹடொக் விரும்பி எடுக்கும்.

எந்த இரை என்றாலும் தண்ணீருக்குள் கால் மணித்தியாலத்தில் சாறு கழுவப்பட்டு வெளுத்துவிடும். குளிருக்குப் பயந்து முக்கால் மணித்தியாலம் தூக்கிப் பார்க்காமல் நிற்கிறவன், அரை மணித்தியாலம் வெறும் தோலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

இரைக்குப் பிறகு முள். நான் நோர்வேயை அறிவதற்கு முன்பே நோர்வே எங்கள் கரையில் இருந்தது. 1956இல் நோர்வேக்கு வந்த அந்தோனி இராஜேந்திரம் முன்னின்று தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் பைபர் வள்ளங்கள் காரைநகரில் கட்டப்பட்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். தூண்டில் முள் பெட்டியில் இருந்த முஸ்டாட் என்ற பெயரும் இங்கிருந்து வந்ததுதான். அந்தக் கொம்பனி 1832இல் யோவிக் பக்கத்தில் தொடங்கியது. 1877இலிருந்து முள் செய்கிறது. யோவிக்குக்கு ஒரு முறை போனபோது தேடிப் பார்த்தேன். அங்கே கடலே இல்லை, பெரிய ஏரி ஒன்றுதான் இருக்கிறது.

முள்ளின் இலக்கம் புது ஆட்களைக் குழப்பும். 6, 4, 2, 1 என்று இலக்கம் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒன்றைத் தாண்டினால் 1/0, 2/0, 3/0 என்று மேலே ஏறும். தட்டைமீனுக்கு நான் 2 அல்லது 1 போடுகிறேன், ஹடொக்குக்கு 1/0, கொட்டுக்கு 3/0. இரை முள்ளை நிரப்பலாம், நுனியை மூடக் கூடாது. மெதுவாகத் தின்னும் மீன் இரையை வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பும். நுனி திறந்திருந்தால் அந்தத் துப்பலிலேயே மாட்டும். பெரிய முள் போடுவதற்கு இன்னொரு காரணம் சட்டம். குறித்த நீளத்துக்குக் குறைந்த கொட்டை உயிரோடு இருந்தால் திரும்ப விட வேண்டும். சின்ன முள்ளைச் சின்ன மீன் குடல் வரைக்கும் விழுங்கிவிடும், பிறகு விட்டும் பயனில்லை. விடுகிற மீனைப் பனியில் போட்டுப் படம் எடுக்கவும் கூடாது. மைனஸ் பத்தில் செவுளும் கண்ணும் உறைய அதிக நேரம் எடுக்காது.

துறைமுகத்தின் அடி ஒரு பழைய இரும்புக்கடை. சங்கிலி, கயிறு, ரயர், யாரோ தொலைத்த சைக்கிள். அதனால் ஈயத்தை நேரே பிரதான நூலில் கட்டுவதில்லை. பலம் குறைந்த ஒரு துண்டுத் தங்கூசியில் தனியாகத் தொங்க விடுவேன். சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறும்; முள்ளும் மீனும் தப்பும். தொலையப் போகிறது என்று தெரிந்த இடத்தில் ஈயத்துக்குக் காசு கொடுப்பானேன்? வாகனம் திருத்துகிறவர்களிடம் பழைய ஸ்பார்க் பிளக் கேட்டால் கை நிறையத் தருவார்கள். நீரோட்டம் இழுக்கிற நேரத்தில் மட்டும் உண்மையான ஈயம், நூறு கிராமுக்கு மேல். இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் இரண்டு மீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. நீர் திரும்புகிற ஒரு மணித்தியாலம்தான் ஓட்டம் தணியும், கடியும் அப்போதுதான்.

நூலில் பின்னல் நூல், தங்கூசி என்று இரண்டு. பின்னல் நூல் மெல்லியது, நீளாது, இருபது மீற்றர் ஆழத்தில் ஒரு மீன் மூக்கால் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். றீலிலேயே உறைந்து கட்டியாகும். தங்கூசி தண்ணீர் குடிக்காது. குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும், அவ்வளவுதான். மைனஸ் ஐந்து வரைக்கும் எனக்குப் பின்னல் நூல், அதன் முன்னால் இரண்டு பாகம் தடித்த தங்கூசி. அதற்குக் கீழே போனால் முழுக்கத் தங்கூசி. நுணுக்கமாக உணர்வதைவிட நூல் ஓடுவது முக்கியம். றீலிலும் இதே கதை. கடையில் போட்டுத் தந்த கிறீஸ் குளிரில் பசையாகும். பின்பக்கம் சுற்றாமல் தடுக்கிற உருளைகள் வழுக்கி, கைப்பிடி தன்பாட்டில் பின்னோக்கிச் சுழலும். ஒரு மீனை அப்படி இழந்த பிறகு, ஒவ்வொரு ஒக்டோபரும் றீலைக் கழற்றிக் கிறீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுகிறேன். தேங்காயெண்ணெய் அல்ல.

இனி இந்த முனை. கடற்கரையில் முடிச்சுப் போடலாம் என்ற நினைப்பு பனிக்காலத்தில் வேண்டாம். நனைந்த விரல் மைனஸில் ஐந்து நிமிடம்தான் விரலாக இருக்கும். ஆகவே முள் கட்டிய கிளைநூல்களை வீட்டு மேசையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு கட்டி அட்டையில் சுற்றி வைக்கிறேன். துறைமுகத்தில் செய்வது பெரிய கொழுவியைத் திறந்து மாட்டுவது மட்டும். கையுறையோடு திறக்க முடியாத கொழுவி எனக்குக் கொழுவியே இல்லை. இரையையும் ஒரு தடவைக்கு ஒரு பை என்று பிரித்து வைப்பேன். இளகினதைத் திரும்ப உறைய வைத்தால் கூழாகிவிடும். சப்பாத்துக்கு முள்ளடி, உடம்புக்கு மிதவைச் சட்டை. முதல் எறிக்கு முன்னால் கிட்ட இருக்கிற ஏணி எங்கே என்று பார்த்துக்கொள்வதும் கருவி எடுத்து வைப்பதில் சேர்த்தி. நாலு பாகைத் தண்ணீர் மீனுக்குச் சூடு. விழுந்த மனிதனுக்கு அல்ல.

கடைசியில்தான் தடி. கொண்டுபோகிற ஈயத்தை எறியும் பலம், வளையங்கள் பெரிதாக இருத்தல், இரண்டும் இருந்தால் போதும். சின்ன வளையம் முதலில் உறையும். தம்பியின் தடியில் வளையங்கள் பெரிது. “தப்பிவிட்டீர்” என்றேன். தடியில் மிஞ்சுகிற காசுக்குக் கயிற்றில் இறக்குகிற வளைய வலை ஒன்று வாங்க வேண்டும். எனக்கு அது இல்லாத காலத்தில், வற்று நேரத்தில், உயரமான துறையிலிருந்து ஒரு பெரிய ஹடொக்கை நூலோடு தூக்கினேன். நாலு மீற்றரில் மூன்றரை வரைக்கும் வந்தது. அதன் மெத்தென்ற உதடு பிய்ந்து, அது தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை தம்பியும் நானும் போனோம். பின்னேரம் மூன்று மணி, இருட்டு. காற்று இல்லை, மைனஸ் ஆறு. உப்பில் வைத்த ஹெரிங், 2/0 முள், ஸ்பார்க் பிளக். முதல் தட்டலுக்கே அவன் தடியை வெட்டி இழுத்தான். வெறும் முள் வந்தது. இரண்டாவதுக்கும் அப்படியே.

“கடிக்குதண்ணை, ஆனா மாட்டுதில்லை.”

“அது இன்னும் கடிக்கேல்ல தம்பி. மணந்து பாக்குது. நூலைக் கொஞ்சம் விட்டுக் குடும்.”

மூன்றாவது தட்டலில் அவன் நூலை விட்டுக் கொடுத்தான். தட்டல் நின்றது. பத்து எண்ணியிருப்பான். நூல் மெல்ல, யாரோ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவது மாதிரி, பக்கவாட்டில் நகர்ந்தது. தடியை நிமிர்த்தினான். இரண்டரைக் கிலோ வரும், துறைமுகக் கொட். வளைய வலையை நான் இறக்கினேன். மேலே வந்ததும் தலையில் ஓர் அடி, செவுளுக்குக் கீழே ஒரு வெட்டு. இரத்தம் வடிந்தால்தான் சதை வெள்ளையாக இருக்கும். வயிற்றைத் திறக்க அவனுடைய விரல்கள் இடங்கொடுக்கவில்லை. மூடிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். ஈரலைச் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். கரையோரத்தில் தாங்களே பிடித்த மீனின் ஈரலைத் தின்ன வேண்டாம் என்பது இங்கே எல்லோருக்கும் அரசாங்கம் சொல்கிற புத்திமதி. மீனெண்ணெய் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் கசப்பான புத்திமதிதான்.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“அண்ணை, வயித்துக்குள்ள முழுக்கச் சின்னச் சின்ன நண்டு. பதினொண்டு எண்ணினன். எங்கட ஹெரிங் துண்டு ஒண்டும் கிடக்கு. அடுத்த முறை நண்டு போடுவமோ?”

போடலாம். அதைக் கட்டுவதற்கு வேறு முள் வேண்டும், வேறு நூல்சுற்று வேண்டும். எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

“உம்மட விரல் இப்ப எப்பிடி?”

“இப்பதான் அண்ணை குத்துது.”

“அப்ப உயிர் வந்திட்டுது. வெள்ளிக்கிழமை வாரும். மேசையில இருந்து கட்டுவம்.”